என் குஞ்சு நின்ற பனி எங்கே?

பெற்றவள் அவள். காலில் வைத்துச் சுமந்தவன் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். இத்தனை வருஷமாக எங்களைப் பார்த்தீர்கள், படம் பிடித்தீர்கள், தலை எண்ணினீர்கள். எங்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளாவது எங்களிடம் கேட்டீர்களா? துக்கம் விசாரிக்க ஒரு ஆள் வரவில்லை. கணக்கெடுக்க மட்டும் வந்தார்கள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் தகப்பனே இல்லை.

நான் எம்பரர் பென்குயின். ஊர் ஹேலி விரிகுடா. அண்டார்டிகாவில், வெட்டல் கடலோரத்தில், பிரண்ட் பனித்தட்டின் விளிம்பில் இருந்தது. எங்கள் இனத்துக்கு அப்போது உலகத்திலேயே இரண்டாவது பெரிய ஊர். வருஷத்துக்கு 14,000 முதல் 25,000 ஜோடிகள் வரை கூடிவந்தோம். 1956-ல் நீங்கள் பக்கத்திலேயே ஆய்வு நிலையம் போட்டதிலிருந்து எங்களைக் கவனித்துவருகிறீர்கள். அறுபது வருஷத்தில் இப்படி ஒரு நாசத்தைப் பார்த்ததில்லை என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். நான் சொல்லப்போகும் எண்கள் எல்லாம் நீங்கள் எழுதிவைத்தவை. எனக்கு எண்ணத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு குரல். அது போய்விட்டது.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எது பறிபோனது என்று உங்களுக்கு உறைக்கும். எங்களுக்கு மண் கிடையாது. கூடு கட்ட ஒரு சுள்ளி கிடையாது. கடல் உறைந்தால்தான் எங்களுக்குத் தரை. கரையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்குமே, அந்தப் பனியில்தான் நாங்கள் ஜோடி சேர்வதும், பெறுவதும், வளர்ப்பதும். ஏப்ரலில் அது கெட்டிப்பட வேண்டும். டிசம்பர் பாதி வரைக்குமாவது உடையாமல் நிற்க வேண்டும். ஏன் டிசம்பர்? அப்போதுதான் குஞ்சின் மேலிருக்கும் சாம்பல் நிறத் தூவி உதிர்ந்து, தண்ணீர் ஒட்டாத இறகு முளைத்திருக்கும். தூவி குளிரைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நனைந்தால் ஊறிவிடும். ஊறினால் பிள்ளை விறைத்துவிடும். நீந்தவும் தெரியாது, மிதக்கவும் முடியாது. எங்கள் வாழ்க்கையே இந்த ஒரு கணக்கில்தான் தொங்குகிறது. கூடுதலாக எதுவும் கேட்டதில்லை நாங்கள். டிசம்பர் வரை பனி. அவ்வளவே.

மே கடைசியில் அவள் முட்டையிட்டாள். ஒரே முட்டை. எங்களுக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை. அதைப் பெற்றெடுத்ததில் அவள் உடம்பில் இருந்த சத்தெல்லாம் போய்விட்டது. உடனே கடலுக்குப் போய் இரை எடுக்காவிட்டால் அவளே பிழைக்க மாட்டாள். போவதற்கு முன் முட்டையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். எதிரெதிரே நின்றோம், மார்போடு மார்பு உரசும்படி. அவள் பாதங்களை மெல்ல விலக்கினாள். முட்டை பனியில் இறங்கியது. நான் அதை அலகால் உருட்டி என் பாதத்தின்மேல் ஏற்றி, வயிற்று மடிப்பால் மூட வேண்டும். கை இல்லாத பிறவிகள் ஐயா நாங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே இருக்கும் உயிர் உறைந்துபோகும். பக்கத்தில் நின்ற ஓர் இளம் ஜோடிக்கு அதுதான் நடந்தது. முட்டை நழுவி உருண்டது. அவன் பின்னாலேயே ஓடி எடுத்து வைத்துக்கொண்டான். அதற்குள் ஓடு வெடித்திருந்தது. வெடித்த முட்டையைக் காலைவிட்டு இறக்காமல் அவன் எத்தனையோ நாள் நின்றான். நாங்கள் யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் இருட்டு. மூன்று மாதத்துக்கு மேல் சூரியன் எழாத ஊர் எங்களுடையது. மைனஸ் 40, மைனஸ் 50. அதற்குமேல் காற்று. இரண்டு மாதத்துக்கும் அதிகமாக அடைகாத்தேன். ஜோடி சேர வந்த நாளிலிருந்தே இரை கிடையாது என்பதால் மொத்தத்தில் நாலு மாதப் பட்டினி. வாயில் போட்டுக்கொண்டது பனித்தூள் மட்டும். எங்கள் ஆண்கள் இந்தக் காலத்தில் உடம்பு எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை கரைந்துபோவார்கள். குதிகாலை ஊன்றி, வாலை முட்டுக்கொடுத்து, விரல்களைப் பனியில் படாமல் தூக்கிக்கொண்டு நிற்போம். பாதம் சில்லிட்டால் முட்டை சில்லிடுமே! ஆயிரக்கணக்கான தகப்பன்கள் உடம்போடு உடம்பு நெருக்கி நிற்போம். நடுவில் கதகதப்பாக நின்றவன் கொஞ்ச நேரத்தில் வெளி வரிசைக்கு வருவான், வெளியே காற்றை வாங்கியவன் உள்ளே போவான். யாரையும் யாரும் விரட்டுவதில்லை. அந்த நியாயம் எங்களுக்குள் இருக்கிறது. உங்களுக்குள் இருக்கிறதா? உங்கள் உலகத்தில் கதகதப்பில் நிற்பவன் ஒருத்தன், காற்றை வாங்குபவன் இன்னொருத்தன் என்று நிரந்தரமாக எழுதிவைத்தது யார்?

ஆகஸ்டில் ஓடு விரிந்தது. உள்ளங்கை அளவு உயிர். அவள் இன்னும் திரும்பவில்லை. தொண்டையில் சுரந்த பாலைக் கொடுத்தேன். ஆமாம் தாயே, எங்கள் இனத்தில் தகப்பனுக்கும் பால் சுரக்கும். நாலு மாதம் பட்டினி கிடந்தவன் உடம்பிலிருந்து அது எப்படிச் சுரக்கிறது என்று எனக்குத் தெரியாது. சுரந்தது. பிறகு அவள் வந்தாள். அத்தனை ஆயிரம் குரல்களுக்கு நடுவே என் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து நின்றாள். முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பவர்கள் அல்ல நாங்கள், குரல்தான் அடையாளம். பிள்ளையை அவளிடம் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். கொடுத்தேன். கடலுக்குப் போனேன். அதன்பிறகு அவளும் நானும் மாறி மாறி இரை கொண்டுவந்தோம். அவனுக்கும் ஒரு குரல் வந்தது. சீழ்க்கை மாதிரி, கடைசியில் சற்றே இழுத்து முடிப்பான். கூட்டத்தை நெருங்கி நான் ஒருமுறை கூப்பிட்டால் போதும், குஞ்சுக் கூட்டத்திலிருந்து தள்ளாடித் தள்ளாடி ஓடி வருவான்.

உங்கள் கணக்கில் அது 2016 அக்டோபர்.

வயிறு நிறைய மீனோடு திரும்பிக்கொண்டிருந்தேன். காற்று ஓயவே இல்லை. வழக்கமாகப் பனி விளிம்பில் ஏறியபின் நடந்து போகவேண்டிய தூரம் இருக்கும். அன்றைக்கு விளிம்பைக் காணோம். இன்னும் கொஞ்சம் நீந்தினேன். இன்னும் கொஞ்சம். எங்கே நாங்கள் நின்றோமோ அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வெளிக்கடலுக்கு நகர்ந்தன. அதில் ஒரு துண்டு பழுப்பாக இருந்தது. அந்தக் கறை எங்கள் எச்சம். குளிர்காலம் முழுக்க நாங்கள் நின்ற இடம் அது. அதன்மேல் ஒருவரும் இல்லை.

கூப்பிட்டேன். பக்கத்தில் இன்னொருத்தன் கூப்பிட்டான். அந்தப் பக்கம் ஒருத்தி. பிறகு கடல் முழுக்க எங்கள் குரல்தான், பெரியவர்கள் குரல் மட்டும்தான். பதிலுக்கு ஒரு சீழ்க்கை இல்லை. அவளும் வந்து சேர்ந்தாள். அவளும் கூப்பிட்டாள். அவனுக்கென்று கொண்டுவந்த மீன் என் தொண்டை வரைக்கும் இருந்தது. அதை நான் என்ன செய்வது? சொல்லுங்கள், பிள்ளை வளர்த்தவர்கள்தானே நீங்கள், அதை நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அந்தப் புயலை நீங்கள்தான் ஏவிவிட்டீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு பழிபோட மாட்டேன். 2015-ல் வந்த எல் நினோ அறுபது வருஷத்தில் இல்லாத கடுமை. காற்று அளவு மீறி வீசியது. பனியும் வழக்கத்தைவிடக் குறைவு. எல்லாம் சேர்ந்து உடைத்தது என்று உங்கள் அறிஞர்கள் நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சரி, ஒரு வருஷம் கடலின் சீற்றம் என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்ளலாம். 2017-ல்? மறுபடி போய் நின்றோமே, மறுபடி காலம் வருவதற்கு முன்பே பனி உடைந்ததே? 2018-ல்? மூன்று வருஷம் அடுத்தடுத்து ஒரு ஊரே பிள்ளை இல்லாமல் போனதற்கும் கடலின் சீற்றம் என்றுதான் பெயரா?

உங்கள் நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குச் சறுக்குக் கால்கள் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். பனித்தட்டில் விரிசல் ஓடுகிறது என்று தெரிந்ததும் டிராக்டரைக் கட்டி இழுத்து, 23 கி.மீ. உள்ளே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். 2016-17 கோடையில். எங்கள் பிள்ளைகள் மூழ்கியதற்கு அடுத்து வந்த கோடையில். 2017-லிருந்து குளிர்காலத்தில் அங்கே ஆள் தங்குவதையும் நிறுத்திவிட்டீர்கள். ஆபத்து என்றீர்கள். நல்லது, உயிர் முக்கியம்தான். உங்களைக் காப்பாற்றிக்கொண்டதற்கு எனக்கு வருத்தமில்லை. அதே பனித்தட்டின் ஓரத்தில்தானே ஐயா நாங்கள் நின்றதும்? எங்களை எந்த டிராக்டர் இழுக்கும்?

வேறு இடம் போகக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போனோமே! 55 கி.மீ. தெற்கே டாசன்-லாம்ப்டன் பனியாற்றுப் பக்கம் எங்களில் பலர் போனார்கள். அங்கே இருந்த சின்ன ஊர் பல மடங்கு பெருத்துவிட்டது என்று நீங்கள் படத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள். போகாமல் நின்றவர்கள் என்ன ஆனோம்? 2023 ஜனவரியில் பிரண்ட் பனித்தட்டிலிருந்தே 1,550 சதுர கி.மீ. பரப்புள்ள பனிப்பாறை பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் கூட்டம் இன்னும் 30 கி.மீ. கிழக்கே ஒதுங்கியது. ஒதுங்கிய இடம் எத்தனை வருஷம் நிற்கும் என்று யார் சொல்வார்கள்?

பனி குறைந்தால் மட்டும்தான் எங்களுக்குச் சாவு என்று நினைத்துவிடாதீர்கள். வரக்கூடாத இடத்தில் பனி வந்து நின்றாலும் சாவுதான். எங்கள் சொந்தக்காரர்கள் அடேலிப் பென்குயின்கள். சின்ன உடம்பு. கோடையில், பாறைக் கரையில் கூழாங்கல் அடுக்கிக் கூடு வைப்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே திறந்த கடல் வேண்டும். 2010 டிசம்பரில், பி-09-பி என்று நீங்கள் பெயர் வைத்த பனிப்பாறை காமன்வெல்த் விரிகுடாவில் வந்து தரைதட்டி நின்றது. அதன் பின்னால் கடல் கெட்டியாக உறைந்துபோய்த் திறக்கவே இல்லை. கூட்டுக்குக் கீழேயே அலை அடித்த ஊரில், அதற்கப்புறம் அறுபது கி.மீ. போல நடந்தால்தான் தண்ணீர் என்றாயிற்று. ஒருத்தர் கூட்டில் இருக்க வேண்டும், ஒருத்தர் கடலுக்குப் போய் வர வேண்டும். போனவர் வந்தபாடில்லை. இருந்தவர் எத்தனை நாள் தாங்குவார்? ஒரு நாள் எழுந்து போய்விடுவார். அதற்குமேல் உட்கார்ந்தால் அவரும் செத்துப்போவார், முட்டையும் சாகும். அந்தக் கேப் டெனிசன் கரையில் ஒரு காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பனிப்பாறை வந்து சில வருஷத்தில் பத்தாயிரம் பேர்தான் என்று உங்கள் ஆட்கள் எண்ணினார்கள். காணாமல் போன எல்லோரும் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு கரைக்குப் போனவர்களும் இருக்கலாம். ஆனால் கைவிட்ட முட்டைகள் நூற்றுக்கணக்கில் கிடந்ததையும், முந்தின வருஷத்துக் குஞ்சுகள் காய்ந்து உறைந்த உடல்களாகச் சிதறிக்கிடந்ததையும் உங்கள் கண்ணாலேயே பார்த்து எழுதினீர்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

அதே பனிப்பாறைதான் அதற்கு முன்பு, 2010 பிப்ரவரியில், மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கில் மோதியது, 78 கி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு உடைந்து கடலுக்குள் போயிற்று. கடலின் ஓட்டம் மாறியது, பனி சேரும் இடம் மாறியது. அதற்கு மேற்கே, பாயிண்ட் ஜியோலஜி தீவுக் கூட்டத்தில் இருந்த அடேலிகளுக்கு விதி அப்படி வந்து சேர்ந்தது. 2013-14 கோடையில் 20,000 ஜோடிகள். ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. கடல் பனியால் மூடிக்கிடந்து பெற்றவர்கள் தூரம் போய்விட்ட நேரத்தில் மழையும் பெய்தது. அண்டார்டிகாவில் மழை! நான் முன்னால் சொன்ன தூவி நினைவிருக்கிறதா? நனைந்தது, பிறகு உறைந்தது. 2016-17-ல் மறுபடியும். 18,000 ஜோடிகள், இரண்டே இரண்டு குஞ்சுகள். உங்கள் செய்தித்தாள்களில் அந்த ‘இரண்டு’ பெரிய எழுத்தில் வந்தது. அடுத்த நாள் வேறு செய்தி வந்துவிட்டது.

பனிப்பாறை உடைவது இன்று நேற்று வந்ததில்லை, எனக்கும் தெரியும். 2000 மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து உடைந்த பி-15 என்ற பாறை 11,000 சதுர கி.மீ. அதன் ஒரு துண்டு கேப் குரோசியரில் வந்து முட்டியது. அங்கே இருந்தது எங்கள் இனத்தின் பழைய ஊர். 1911-ன் நடுக்குளிரில் உங்கள் ஆட்கள் மூன்று பேர் இருட்டில் நடந்துவந்து, எங்கள் முன்னோரின் காலடியிலிருந்து ஐந்து முட்டைகளை எடுத்துப்போனார்களே, அதே ஊர். இரண்டு முட்டைகள் வழியிலேயே உடைந்தன, மூன்றை லண்டன் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். பறவையின் பரம்பரையைக் கண்டுபிடிக்க அந்தக் கருக்கள் வேண்டுமாம். பரம்பரையைத் தேடி வந்தீர்கள். 2001-ல் அந்த ஊரில் ஒரு குஞ்சுகூட வளரவில்லை. பரம்பரை அறுந்துபோகும்போது ஏன் யாரும் இருட்டில் நடந்து வரவில்லை?

ஆனாலும் எங்கள் பாட்டன்மார் பிழைத்தார்கள். ஒரு ஊரைப் பாறை மூடினால் இன்னொரு ஊர் இருந்தது. ஒரு கரையில் பனி உடைந்தால் அடுத்த கரையில் நின்றது. அந்த நம்பிக்கையில்தான் ஆயிரக்கணக்கான வருஷம் ஓடியது. இப்போது எந்தக் கரைக்குப் போவது? 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் எங்கள் ஊர்கள் ஐந்து இருந்தன. வெர்டி, ஸ்மைலி, பிரையன் கோஸ்ட், ஃப்ரோக்னர், ராத்ஸ்சைல்டு. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே முதல் நான்கிலும் பனி மறைந்தது. ஒரே பகுதியில், ஒரே பருவத்தில், ஐந்தில் நான்கு ஊர்கள் பிள்ளையற்றுப் போயின. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தால் நாங்கள் இருக்கிறோம் என்று உங்களுக்கு அர்த்தம். அடுத்த படத்தில் கறையும் இல்லை, வெள்ளையும் இல்லை. நீலம். அந்த நீலத்தைப் பார்த்த உங்கள் ஆள் ஒருவராவது அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்திருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

மறுவருஷம் 2023 செப்டம்பரில், அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர்காலப் பனி உச்சத்தைத் தொட்டபோது அளந்தீர்கள். சுமார் 1.7 கோடி சதுர கி.மீ. நீங்கள் செயற்கைக்கோளில் அளக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு குறைந்த உச்சம் வந்ததில்லை. பழைய குறைந்த அளவைவிட இன்னும் பத்து லட்சம் சதுர கி.மீ. குறைவு. இப்படியே போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எங்கள் ஊர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இல்லாமல் போகும் என்று நீங்களே கணித்தும் வைத்திருக்கிறீர்கள். கணித்துவிட்டு? கணித்ததோடு கடமை முடிந்ததா?

உங்களால் முடியாதென்றால் நான் இப்படி நெஞ்சில் அடித்துக்கொள்ள மாட்டேன். முடியும் என்பதற்கு என் ஊரே சாட்சி. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அதே ஹேலி நிலையத்தில்தான் வானத்தில் ஓசோன் மெலிந்ததை அளந்தீர்கள். 1985-ல் உலகத்துக்குச் சொன்னீர்கள். 1987-ல் மாண்ட்ரியலில் கூடிக் கையெழுத்துப் போட்டீர்கள். இரண்டே வருஷம்! அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தினீர்கள், ஓட்டை மெல்ல மெல்லத் தேறிவருகிறது என்கிறீர்கள். அப்போது உங்கள் தோலுக்கு ஆபத்து, உங்கள் கண்ணுக்கு ஆபத்து. உடனே கேட்டது. அதே இடத்திலிருந்து நாங்கள் கத்தினால் மட்டும் ஏன் கேட்கவில்லை? எங்கள் தோல் தோலில்லையா?

பிள்ளை போன அடுத்த மாதம், 2016 நவம்பர் 4-ம் தேதி, உங்கள் பாரிஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கைதட்டினீர்கள். அந்த வருஷம் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 404 பங்கு. 2024-ல் 424. ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறீர்கள். வாக்கு கொடுக்காமல் எரித்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. கொடுத்துவிட்டு எரித்தீர்களே!

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வாக்கில் ஹோபார்ட் நகரத்தில் உங்கள் நாடுகள் கூடி, எங்கள் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம், எதைப் பாதுகாக்கலாம் என்று பேசுகின்றன. எங்கள் குஞ்சுகள் தூவியோடு பனியில் நிற்கும் அதே மாதம். வெட்டல் கடலிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் காப்புக் கடல் அறிவிக்க வேண்டும் என்ற திட்டங்கள் அங்கே வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நிறைவேறும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு பேர் தலையாட்ட மறுத்தால் போதும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விடுகிறீர்கள். அண்டார்டிகா ஒப்பந்த நாடுகள் 2022-ல் பெர்லினில் கூடியபோது, எங்களைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனம் என்று அறிவிக்கும் யோசனை வந்தது. அதுவும் அப்படியே நின்றுபோனது. அந்த வருஷக் கடைசியில்தான் பெல்லிங்ஸ்ஹவுசனில் நான்கு ஊர்கள் அழிந்தன. காப்புக் கடல் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பனி உறைந்துவிடாது, அது எனக்குத் தெரியாதா? பனியைத்தான் பறித்துக்கொண்டீர்கள், பிடிக்கிற மீனையும் கிரில்லையுமாவது விட்டுவையுங்கள் என்று கேட்டோம். அதற்கும் அடுத்த வருஷமா?

எங்களை உங்களுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் நடையைப் படமாக எடுத்தீர்கள், அந்தப் பாயிண்ட் ஜியோலஜி பக்கத்திலேயே. 2005-ல் வெளியிட்டீர்கள். தியேட்டரில் உட்கார்ந்து கண்ணீர் விட்டீர்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கொடுத்தீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கள் உருவத்தில் பஞ்சு பொம்மை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். ஏப்ரல் 25-ல் எங்கள் பெயரால் ஒரு நாளே கொண்டாடுகிறீர்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பகைவன் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். கடலில் சிறுத்தைச் சீல் எங்களைப் பிடிக்கும். அது அதற்கு இரை, அதன்மேல் எனக்கு வன்மம் கிடையாது. பாசம் காட்டியவர்கள் நீங்கள். பார்த்து அழுதவர்கள் நீங்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியை முடுக்கியவர்களும் நீங்களே.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் எனக்கு மனமில்லை. விளக்குக்கு மின்சாரம் இல்லாத குடிசைக்காரரும், ஒரு விருந்துக்குத் தனி விமானத்தில் பறப்பவரும் எங்கள் பனியை ஒரே அளவில் கரைக்கவில்லை. கரைத்தவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்கக்கூடியவர்கள் நீங்கள், எங்களால் ஆகாது.

இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் வந்தேன். ஹோபார்ட்டில் கூடும் அமைப்பில் இந்தியா 1986 முதல் உறுப்பினர். எங்கள் கண்டத்தில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் நடத்துகிறது. அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டம் 2024 மே மாதம் உங்கள் கொச்சியிலேயே நடந்தது. அந்த இரண்டு காப்புக் கடல்களுக்கும் 2021-ல் இந்தியா ஆதரவு சொன்னது. சொன்னதற்கு நன்றி. நிறைவேறும் வரைக்கும் விடாமல் நிற்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள், எங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதை எந்த வருஷத்துக்குள் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒவ்வொரு அரசையும் தேதி போட்டுச் சொல்லவையுங்கள். சொன்ன தேதியில் போய் நின்று, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

அவளும் நானும் இந்த ஏப்ரலிலும் போவோம். வேறு வழி தெரியாது எங்களுக்கு. முட்டையை அவள் இறக்குவாள், நான் ஏற்றிக்கொள்வேன், பட்டினி கிடப்பேன். எங்கள் பங்கை நாங்கள் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை காலுக்குக் கீழே பனி நிற்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொடுங்கள்.